டேட்டாபேஸை பேக்கப் எடுத்து மாற்றித் தருகிறோம் என்றவர்களை நம்பி 47,000 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை, அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 47,000 ரூபாய். என்னைப் போல ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

கல்யாண மண்டபம் முன்பதிவு செய்யும் ஆப் ஒன்றை நடத்துகிறேன். டேட்டாபேஸ் மாங்கோடிபி. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது, நேரம் இல்லாததால் இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் ஓர் ஆன்லைன் நிறுவனத்திடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம். கட்டணம் 14,000.

பணம் கட்டும் முன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "இண்டெக்ஸ் எல்லாம் கூடவே வந்துடுமா?" "சார், பேக்கப் எடுத்து ரீஸ்டோர் பண்றோம், இருக்கிறது இருக்கிறபடியே வரும், நீங்க நிம்மதியா இருங்க" என்றார். அவ்வளவு நிதானமான குரல். அந்தக் குரலை நம்பித்தான் அடுத்த நிமிடமே பணத்தை அனுப்பினேன்.

நான் ஏன் கேட்டேன் தெரியுமா? இண்டெக்ஸ் என்றால் டேட்டாபேஸ் சட்டென்று தேட வைத்திருக்கும் அட்டவணை மாதிரி, அதையே யூனிக் என்று போட்டால் ஒரே மதிப்பு இரண்டாம் முறை வராமலும் தடுக்கும். ஒரு மண்டபம் ஒரு தேதிக்கு இரண்டு பேருக்குப் போகாமல் தடுத்துக்கொண்டிருந்ததே மண்டபம், தேதி இரண்டின் மேலும் சேர்த்துப் போட்டிருந்த யூனிக் இண்டெக்ஸ்தான். இரண்டு பேர் ஒன்றாகப் பட்டனை அழுத்தினாலும் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே ஏற்காது.

மாற்றி முடித்ததும் ஆவண (பதிவு) எண்ணிக்கை சரியாக இருந்தது. தேடல் மட்டும் இழுத்தது. கேட்டதற்கு "ரேம் பத்தல சார், பெரிய பிளானுக்குப் போங்க" என்றார்கள்.

மூன்றாவது வாரம் மண்டபக்காரர் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் உடனே வாங்க." போனால் மேசைமேல் இரண்டு ரசீது. ஒரே மண்டபம், ஒரே ஆவணி முகூர்த்தம், இரண்டுக்கும் நடுவே நாற்பது வினாடி வித்தியாசம். ஒரு வீட்டு அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் வைத்திருந்தார், மண்டபத்தின் பெயர் அச்சாகிவிட்டது. என்னைத் திட்டவில்லை, "இப்ப நாங்க என்னப்பா பண்றது" என்று மட்டும் கேட்டார், அதற்கு என்னிடம் பதிலே இல்லை. இன்னொரு குடும்பம் பெரிய மனசு பண்ணி வேறு மண்டபத்துக்கு மாறியது. வாடகை வித்தியாசம் 33,000, நான் கொடுத்தேன். கட்டணத்தோடு சேர்த்து 47,000.

வீட்டுக்கு வந்து இண்டெக்ஸ் பட்டியலைக் காட்டும் கெட்இண்டெக்ஸஸ் கட்டளையை அடித்துப் பார்த்தால் ஒரே வரி: தானாகவே வரும் ஐடி இண்டெக்ஸ். வேறு ஒன்றும் இல்லை. ஓடிபிகளைச் சேர்த்து வைக்கும் கலெக்‌ஷனில் ஐந்து நிமிடத்தில் அழிய வேண்டியவை எல்லாம் மாற்றிய நாளிலிருந்து அப்படியே குவிந்து கிடந்தன, நேரம் முடிந்ததும் தானாக அழிக்க வைக்கும் டிடிஎல் இண்டெக்ஸும் போயிருந்தது. யூனிக் இண்டெக்ஸைத் திரும்பப் போடப் போனால் டூப்ளிகேட் கீ, இ11000 என்று மறுத்துவிட்டது, முதலில் அந்த இரட்டைப் பதிவுகளைத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவர்கள் கொடுத்த பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். வெறும் ஜேசன் ஃபைல்கள். மாங்கோஎக்ஸ்போர்ட் என்ற கருவியில் எடுத்து மாங்கோஇம்போர்ட்டில் ஏற்றியிருக்கிறார்கள்! அதில் தரவு மட்டும்தான் வரும், இண்டெக்ஸ் வராது. பேக்கப்புக்கென்றே உள்ள மாங்கோடம்ப்பில் எடுத்திருந்தால் தரவு இருக்கும் ஒவ்வொரு பிசான் ஃபைலுக்கும் பக்கத்தில் இண்டெக்ஸ் விவரம் உள்ள மெட்டாடேட்டா ஜேசன் இருந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் மாங்கோரீஸ்டோர் இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டும். இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரியாதா?

புகார் போட்டேன். "டேட்டா லாஸ் எதுவும் இல்லையே சார்" என்று பதில், டிக்கெட் மூடப்பட்டது. மறுபடி திறந்தேன். "இண்டெக்ஸ் அப்ளிகேஷன் சைடு விஷயம்." மூடினார்கள். போன் செய்தால் அந்த நிதானமான குரல்காரர் லீவில் இருக்கிறாராம், நான்கு நாளாக லீவு! 14,000-ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்றால் வேலை முடிந்துவிட்டதாம்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. எந்தக் கருவியில் பேக்கப் எடுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஃபோல்டரில் மெட்டாடேட்டா ஃபைல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ரீஸ்டோர் கட்டளையில் நோஇண்டெக்ஸ்ரீஸ்டோர் என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள், அதைப் போட்டாலும் இண்டெக்ஸ் வராது. பழையதிலும் புதியதிலும் கலெக்‌ஷன் கலெக்‌ஷனாக இண்டெக்ஸ் பட்டியலை ஒப்பிடாமல் ஆப்பைத் திருப்பிவிடாதீர்கள், பழைய சர்வரை அழிக்கவும் விடாதீர்கள். அப்புறம், பாக்கி இருந்தால் இதெல்லாம் பார்த்த பிறகு கொடுங்கள்.

இதை எழுதும்போதே மெயில் வந்திருக்கிறது. மூன்றாவது டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள், சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.