கல் உப்புக்கு மாறினோம், அம்மாவின் கால் வீக்கம் வடியவில்லை

மூன்று மாதத்துக்கு முன் இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடையில் ஒரு கிலோ கல் உப்பு வாங்கினேன். "தூள் உப்பைத் தூக்கிப் போடுங்கக்கா, இது கடல் உப்பு, உடம்புல நீர் கோக்காது" என்று கடைக்காரர் அவ்வளவு உறுதியாகச் சொன்னார். அம்மாவுக்குச் சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிவிடும், விரலால் அமுக்கினால் குழி விழும், அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்த நேரம், அதனால் விலை இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல உப்பு. மண் இல்லை, கொஞ்சம் ஈரமாக இருக்கும், மீன் கழுவுவதற்கும் எலுமிச்சை ஊறுகாய் போடுவதற்கும் தூள் உப்பு இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் நான் வாங்கியது ஊறுகாய்க்காக இல்லையே.

ஆறு வாரம் இந்த உப்பில்தான் சமைத்தேன். வீக்கம் அப்படியேதான் இருந்தது. அப்புறம்தான் இரண்டு பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்து, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். எடைக்கு எடை பார்த்தால் இரண்டிலும் சோடியம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உப்பின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு. கல் உப்பில் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், ஆனால் நாம் சாப்பிடும் அளவில் அது ஒரு கணக்கே இல்லை.

அப்படியானால் "கல் உப்பு உடம்புக்குக் கெடுதல் குறைவு" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தலைதட்டி எடுத்த ஒரு தேக்கரண்டி தூள் உப்பு 6 கிராம் வந்தது, கல் உப்பு 5 கிராமுக்கும் கீழே, ஏனென்றால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. கொய்யாப்பழத்தில் தூவிச் சாப்பிட்டால் அந்த வித்தியாசம் உதவலாம். சாம்பாரில் உதவாது. குழம்பில் கரைந்த பிறகு கல் ஏது, தூள் ஏது, ருசி பார்த்து "உப்பு பத்தலை" என்று இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுகிறோம், கடைசியில் அதே அளவுக்கு வந்து நிற்கிறோம். நான் ஆறு வாரமும் செய்தது சரியாக இதைத்தான்.

நீர் கோப்பது சோடியத்தால். மருத்துவமனையில் ஏற்றுகிறார்களே சலைன், அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, நம் இரத்தத்தின் உப்புக் கணக்கை ஒட்டிய அளவு அது. சிறுநீரகம் வெளியே தள்ளாமல் 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால், அந்தக் கணக்கு கெடாமல் இருக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் கூடவே தங்கும். அந்த உப்பு எந்தக் கடலிலிருந்து வந்தது என்று உடம்பு பார்ப்பதில்லை.

சோடியம் குறைந்த உப்பும் பேரங்காடியில் ஒரு பொட்டலம் வாங்கிப் பார்த்தேன். அதில் சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ரசத்தில் தெரியவில்லை, தயிர்சாதத்தில் லேசாகக் கசந்தது. இது உண்மையிலேயே சோடியத்தைக் குறைக்கும், எனக்கும் வீட்டுக்காரருக்கும் இதுதான் இப்போது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், லோசார்டன் மாதிரி இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. அம்மா லோசார்டன்தான் எடுக்கிறார், அதனால் அவருக்குக் கொடுக்கவில்லை.

அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போனபோது மருத்துவர் இன்னொன்றும் சொன்னார், அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையாலேயே கால் வீங்குமாம், அம்மா அதையும் எடுத்துக்கொண்டிருந்தார். அளவைக் குறைத்தார், இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். உப்பை மாற்றினால் போதும் என்று நம்பி ஆறு வாரம் வீணாக்கியதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருந்திருந்தால்? வீக்கம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், தயவுசெய்து.

உணவையும் பார்க்கத்தான் வேண்டும். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 2022 கணக்கெடுப்பில் இங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார், இருக்க வேண்டியது 2,000க்குள். எங்கள் வீட்டில் அது உப்பு ஜாடியிலிருந்து மட்டும் வரவில்லை. கருவாடு, அப்பளம், உடனடி நூடல்ஸ், உணவங்காடியில் கடைசிச் சொட்டுவரை குடிக்கும் மீன் சூப், எல்லாம் சேர்ந்ததுதான்.

கல் உப்பு வாங்கலாமா என்றால், ஊறுகாய்க்கும் மீனுக்கும் தாராளமாக வாங்குங்கள், நானும் திரும்ப வாங்குவேன். நான் வாங்கிய பொட்டலத்தில் அயோடின் சேர்த்ததாக எழுதவில்லை, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள். அம்மாவின் சமையலுக்கு இப்போது கை அளவு கிடையாது, ஜாடிக்குள் அரைத் தேக்கரண்டி ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். அப்பளம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.