உறைநிலைப் பஃப்ஸ் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: சேலம் கடையொன்றில் நடந்தது

சேலத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையின் ஃப்ரீசரிலிருந்து நான் வாங்கி வந்த பஃப்ஸும் குரோசானும் ஏற்கெனவே ஒருமுறை முற்றிலும் இளகி, மறுபடியும் உறைய வைக்கப்பட்டவை. அவற்றுள் ஒரு பெட்டியின் காலாவதித் தேதியை மறைத்து வேறொரு தேதி ஒட்டப்பட்டிருந்தது. நியாயம் கேட்கப் போனபோது, குறை என் வீட்டு ஓவனில்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முறைப்படி புகார் கொடுத்து அது விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்தக் கோடையில் இதே சரக்கை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுக்கப்போகும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

பள்ளி விடுமுறைக்கு ஏற்காட்டிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். பேக்கரியில் காலையில் போட்ட பஃப்ஸ் மாலைக்குள் நமுத்துவிடும் என்பதால், வீட்டிலேயே சுடச்சுடத் தரலாம் என்று காய்கறி பஃப்ஸ், சிக்கன் பஃப்ஸ், வெண்ணெய் குரோசான் ஆகியவற்றில் ஒவ்வொரு பெட்டி வாங்கினேன். மூன்றும் வெவ்வேறு கம்பெனிகளின் தயாரிப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடை வீட்டுக்குப் பக்கம்தான். ஐஸ் பையில் போட்டு நேராகக் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

பெட்டியில் அச்சிட்டிருந்தபடி ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு காய்கறி பஃப்ஸைத் தட்டில் அடுக்கி உள்ளே வைத்தேன். சில நிமிடங்களிலேயே ஓரங்களிலிருந்து கொழுப்பு வழிந்து தட்டு முழுவதும் தேங்க ஆரம்பித்தது. உப்பி எழும்ப வேண்டிய பஃப்ஸ் அந்தக் கொழுப்பிலேயே கிடந்து பொரிந்தது. அடிப்பக்கம் கரும்பழுப்பாக இறுகிவிட, மேற்பக்கம் வெளுத்துக் கிடந்தது. கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரிந்து நிற்க வேண்டிய அடுக்குகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. நடுவில் பசை போன்ற பச்சை மாவு ஒரே கட்டியாக இருந்தது. அடுத்து வைத்த குரோசானின் நிலை இன்னும் மோசம். அது எழும்பவே இல்லை. பிறைவடிவம் அழிந்து தட்டையாகப் பரவியது. சுட்ட வெண்ணெயின் மணம் வர வேண்டிய இடத்தில் புளித்த வாடை வந்தது. ஒரு துண்டு வாயில் போட்டதும் பல்லில் ஒட்டிக்கொண்டு, விழுங்கிய பிறகும் அடிநாக்கில் எண்ணெய்ச் சிக்கு தங்கியது. நாத்தனாரும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது பழைய சரக்கு, பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க" என்று தட்டுகளை எடுத்துவிட்டார்.

இது சுட்டவரின் கைப்பக்குவத்தால் வந்த குறை அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பஃப்ஸ் மாவு என்பது மாவையும் கொழுப்பையும் மடித்து மடித்துத் தேய்த்து உருவாக்கும் அடுக்கு. மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் கொழுப்பு மட்டுமே 729 அடுக்காகிவிடும். ஓவன் சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி எழும்போது, இடையிலுள்ள கொழுப்பு அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கிறது. அதனால்தான் ஈஸ்ட்டோ பேக்கிங் பவுடரோ இல்லாமலேயே பஃப்ஸ் எழும்புகிறது. அந்தக் கொழுப்பு உருகி மாவுக்குள் இறங்கிவிட்டால் அடுக்கு போனது போனதுதான். எத்தனை குளிரில் மறுபடி வைத்தாலும் அது திரும்பி வராது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் சேலத்துக் கோடையில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கிறது. பஃப்ஸுக்கென்றே தயாரிக்கும் தாவரக் கொழுப்பு அதைவிடக் கூடுதல் சூட்டில்தான் இளகும். பஃப்ஸின் விளிம்பு மட்டும் சற்றே பிரிந்திருக்க, வெண்ணெய் குரோசான் அறவே படுத்துவிட்டதற்கு இதுவே காரணம். குரோசானில் ஈஸ்ட்டும் உண்டு. இளகிய நேரத்தில் அது வேலை செய்து ஓய்ந்து, மறுபடி உறைந்தபோது பெரும்பாலும் செத்திருக்கும். அந்தப் புளித்த வாடை அங்கிருந்து வந்தது.

சிக்கன் பஃப்ஸ் பெட்டியை நல்லவேளையாக அதுவரை பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு முன் தேதியைப் பார்க்கலாம் என்று வெளிச்சத்தில் பிடித்தபோது, தேதி அச்சிட்ட இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது. நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் கம்பெனி அச்சிட்ட தேதி தெளிவாக இருந்தது. நான் வாங்குவதற்கு முன்பே அது முடிந்துவிட்டிருந்தது. மேலே ஒட்டியிருந்ததோ இன்னும் பல மாதம் தள்ளி இருந்த தேதி. எனக்கு மிகவும் ஆத்திரம் வந்தது அப்போதுதான். காய்கறி பஃப்ஸ் எழும்பாவிட்டால் போவது பணம் மட்டும். இறைச்சி இளகிக் கிடந்தால் கதை வேறு. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி மட்டுமே வைக்கிறது. இளகிய நேரத்தில் அவை பெருகும். அவற்றுள் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை உண்டாக்கும் நச்சு, பிறகு ஓவனில் எவ்வளவு சுட்டாலும் அழியாது. "நல்லா வெந்தா சரியாப் போயிடும்" என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

மறுநாள் காலை பில், பெட்டிகள், சுட்டதில் ஒரு துண்டு, உரித்த ஸ்டிக்கர், கைப்பேசியில் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு கடைக்குப் போனேன். மேலாளர் படங்களை முழுவதும் பார்க்கக்கூட இல்லை. "மேடம், உங்க ஓவன்ல ஹீட் பத்தாம இருந்திருக்கும்" என்றார். மூன்று வெவ்வேறு கம்பெனிச் சரக்குக்கும் பொதுவாக இருந்தது இந்தக் கடையின் ஃப்ரீசர் ஒன்றுதானே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஸ்டிக்கரைக் காட்டியதும் அது கம்பெனியிலிருந்து வந்ததாகச் சொன்னார். கடைசியாக, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். மின்தடை வந்தால் ஜெனரேட்டர் கல்லாவுக்கும் விளக்குக்கும் மட்டும்தான், ஃப்ரீசருக்கு இல்லை என்று அங்கே வேலை செய்யும் ஒருவரே என்னிடம் சொன்னார். மூடியைத் திறக்காமல் வைத்தால் நிரம்பிய வீட்டு ஃப்ரீசர்கூட ஒரு நாளுக்குக் குறையாமல் உறைநிலையைக் காக்கும். அப்படியிருக்க, சரக்கு முற்றிலும் இளகுமளவுக்கு விட்டதைச் சாதாரண மின்தடையின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

ஓவன் பற்றிய பழியைத் தீர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே வேறொரு கடையில் அதே கம்பெனிகளின் காய்கறி பஃப்ஸையும் குரோசானையும் வாங்கி, அதே ஓவனில், அதே சூட்டில், அதே தட்டில் வைத்தேன். பஃப்ஸ் இரண்டு விரற்கடை உயரத்துக்கு எழும்பி, கையில் எடுத்தாலே உதிர்ந்தது. குரோசானை வெட்டினால் உள்ளே தேன்கூடு போலக் கண் கண்ணாகத் திறந்திருந்தது. வெண்ணெய் மணம் கூடம் வரை வந்தது. இரண்டு தட்டுகளின் படங்களும் இப்போது என் புகாரில் இருக்கின்றன.

பில்லில் அச்சிட்ட அந்த வாசகத்தைப் பார்த்துப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் வரை நமக்கு உரிமை உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமே கிடையாது. தேதியை மாற்றியதும் இளகிய இறைச்சியை விற்றதும் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் போக வேண்டியவை. நான் இரண்டு இடத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி வாங்கப் போகிறவர்கள் கல்லாவுக்குப் போகுமுன் ஒரு நிமிடம் செலவிடுங்கள். உறைநிலை உணவு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வெப்பம் காட்டும் கருவி இருந்தால் அதைப் பாருங்கள், கருவியே இல்லையென்றால் கேளுங்கள். உள்ளே வரைந்திருக்கும் கோட்டுக்கு மேல் குவித்து வைத்த பெட்டிகளைத் தொடாதீர்கள். பெட்டியைக் காதருகே ஆட்டினால் துண்டுகள் தனித்தனியாகக் குலுங்க வேண்டும். ஒரே கட்டியாக அசைந்தால் அது இளகி உறைந்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, வளைந்த மூலை, உறைக்குள் திட்டுத் திட்டாக ஐஸ் ஆகியவையும் அதே கதையைத்தான் சொல்லும். தேதியின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். சேலத்தில் வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு கொண்டுபோங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து மேலே போன பிறகு குறையைக் கண்டுபிடித்தால், வழியில்தான் இளகியது என்று கடைக்காரர் சொல்ல வசதியாகிவிடும்.

கடந்த சில வாரங்களில் நகரின் எந்தக் கடையிலாவது இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி உங்கள் கைக்கும் வந்திருந்தால் அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண் தெரிய ஒரு படம் எடுத்து, பில்லோடு சேர்த்து, உங்கள் பெயரிலேயே நியமன அலுவலருக்கு ஒரு புகார் கொடுங்கள். என் ஒருத்தியின் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் எங்கே ஒட்டப்பட்டது என்று நிறுவுவது அவர்களுக்குக் கடினம்.