கவுன்சில்களின் காலநிலை மதிப்பெண் பட்டியல்: ஒரு வாக்காளரின் மதிப்புரை

பிரிட்டனின் உள்ளாட்சிக் கவுன்சில்கள் காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த உண்மையில் என்ன செய்திருக்கின்றன என்பதை மதிப்பெண்ணிட்டுக் காட்டும் இலவச இணையச் சேவை ‘கவுன்சில் கிளைமேட் ஆக்‌ஷன் ஸ்கோர்கார்ட்ஸ்’. ‘கிளைமேட் எமர்ஜென்சி யூகே’ என்ற அமைப்பு இதை நடத்துகிறது. 2022 ஜனவரியில் வந்த முதல் வடிவம், கவுன்சில்கள் எழுதிவைத்திருந்த திட்ட ஆவணங்களை மட்டுமே மதிப்பிட்டது. செயல்களை அளக்கும் இன்றைய வடிவம் 2023 அக்டோபரில் வெளியாகி, 2025 ஜூனில் புதுப்பிக்கப்பட்டது. கவுன்சில் தேர்தலில் காலநிலையை மனத்தில் வைத்து வாக்களிக்க விரும்பும் ஒருவருக்கு இது எவ்வளவு கைகொடுக்கும் என்ற கோணத்திலேயே இதை இங்கே பார்க்கிறேன்.

இப்படியொரு சேவை தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பரில் பிரிஸ்டல் நகரக் கவுன்சில் ‘காலநிலை நெருக்கடிநிலை’யை அறிவித்தது, அதாவது காலநிலை மாற்றம் உடனடியாகச் செயல்பட வேண்டிய நெருக்கடி என்று தீர்மானம் போட்டது. அதன்பின் 300க்கும் மேற்பட்ட கவுன்சில்கள் அதே போன்ற தீர்மானங்களை நிறைவேற்றின. தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. அதற்குப் பிறகு பணம் ஒதுக்கப்பட்டதா, ஆட்கள் அமர்த்தப்பட்டார்களா, தெருவில் ஏதேனும் மாறியதா என்று பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லாதிருந்தார்கள். கவுன்சிலால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, அரசுக்கு ஆலோசனை கூறும் காலநிலை மாற்றக் குழு 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை நல்ல விடை தருகிறது. ஒரு பகுதியின் பசுங்குடில் வாயு உமிழ்வில் 2 முதல் 5 சதவீதம் மட்டுமே கவுன்சிலின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் மீது அதன் கொள்கைகளுக்கும் கூட்டுமுயற்சிகளுக்கும் வலுவான செல்வாக்கு உண்டு என்கிறது அது. பேருந்துக்கென்று தனித்தடம் எந்தச் சாலையில் வரும், புதிய குடியிருப்புகள் எங்கே எழும், கவுன்சிலுக்குச் சொந்தமான பழைய வீடுகளின் சுவர்களுக்கும் கூரைகளுக்கும் எப்போது வெப்பக் காப்பு கிடைக்கும் என்பவை நாடாளுமன்றத்தில் தீர்மானிக்கப்படுபவை அல்ல.

மதிப்பிடும் முறை எனக்கு நிறைவளிக்கிறது. கட்டடங்களும் வெப்பமூட்டலும், போக்குவரத்து, திட்டமிடலும் நிலப் பயன்பாடும், நிர்வாகமும் நிதியும், பல்லுயிர் வளம், மக்கள் பங்கேற்பு, கழிவும் உணவும் என ஏழு பிரிவுகளில் கேள்விகள் அமைந்துள்ளன. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கவுன்சில்களின் பொது ஆவணங்களைப் படித்து முதல் மதிப்பெண் இடுகிறார்கள். ஆவணங்களில் கிடைக்காதவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறப்படுகின்றன. பிறகு அந்தந்தக் கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்பட்டு, அதன் பின்னரே இறுதித் தணிக்கை நடக்கிறது. கரிம உமிழ்வு மிகுந்த போக்குவரத்துத் திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தது போன்ற செயல்களுக்கு மதிப்பெண் குறைக்கவும் செய்கிறார்கள். நல்லதைக் கூட்டுவதோடு நின்றுவிடாமல் கெட்டதைக் கழிக்கவும் துணிந்திருப்பதே இந்தப் பட்டியலுக்கு நம்பகத்தன்மை தருகிறது என்று கருதுகிறேன்.

2023ஆம் ஆண்டின் சராசரி மதிப்பெண் 32 சதவீதம். 2025இல் அது உயர்ந்தபோதிலும் பாதியைத் தொடவில்லை. முதன்முறை பார்ப்பவர்கள் தங்கள் கவுன்சிலின் எண்ணைக் கண்டு மனம் சோர்ந்துபோகலாம். அல்லது பக்கத்துக் கவுன்சிலைவிட நான்கு புள்ளிகள் கூடுதல் என்று நிறைவடைந்துவிடலாம். இரண்டுமே பயனற்றவை. வாக்காளருக்கு இந்தச் சேவையின் அருமை மொத்த மதிப்பெண்ணில் இல்லை. அதற்குக் கீழே, பிரிவு பிரிவாக விரியும் கேள்விகளில்தான் இருக்கிறது. மதிப்பெண்ணை மறந்துவிட்டு வினாத்தாளைப் படியுங்கள் என்பதே என் பரிந்துரை. குடியிருப்புச் சாலைகளில் மணிக்கு 20 மைல் வேக வரம்பு நடைமுறையில் இருக்கிறதா, கவுன்சில் ஊழியர்களின் ஓய்வூதிய நிதி நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களிலிருந்து விலக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியிருக்கிறதா, கவுன்சிலின் சொந்த வாகனங்களில் எத்தனை பங்கு மின்சாரத்துக்கு மாறியிருக்கிறது என்பன போன்ற கேள்விகள் அங்கே உள்ளன. இவற்றைப் படித்த ஒருவர், வீட்டுக் கதவைத் தட்டி வாக்குக் கேட்கும் வேட்பாளரிடம் ‘காலநிலை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்க மாட்டார். அந்தக் கேள்விக்கு எல்லா வேட்பாளர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ‘நம் கவுன்சிலுக்கு வீட்டு வெப்பக் காப்புப் பிரிவில் மதிப்பெண் கிடைக்கவில்லை, நீங்கள் வந்தால் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு எதைக் கேட்பீர்கள்?’ என்று கேட்பார். அதற்கு வரும் பதிலில் வேட்பாளருக்கு வேட்பாளர் வேறுபாடு தெரியும்.

குறைகளில் பெரியது ஒன்று. மதிப்பெண் கவுன்சிலுக்கு உரியது. நாம் வாக்களிப்பதோ நம் வார்டில் நிற்கும் மனிதருக்கு. உயர்ந்த மதிப்பெண் பெற்ற கவுன்சிலிலும், அந்த முயற்சிகள் ஒவ்வொன்றையும் எதிர்த்து வாக்களித்த உறுப்பினர் இருக்கக்கூடும். பின்தங்கிய கவுன்சிலில் தனியாளாகப் போராடிய ஒருவர் இருக்கக்கூடும். இருவரையும் இந்தப் பட்டியல் காட்டாது. ஆட்சி மாறும்போது இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. வடகிழக்கு இங்கிலாந்தின் டரம் கவுன்ட்டி கவுன்சிலில் 2025 மே தேர்தலில் ஆட்சி மாறியது. பட்டியல் ஜூனில் வெளியானது. ஜூலையில் புதிய நிர்வாகம், முன்பு அறிவிக்கப்பட்டிருந்த காலநிலை நெருக்கடிநிலையைத் திரும்பப் பெற்றது. முந்தைய நிர்வாகத்தின் பல ஆண்டு உழைப்பைப் பதிவுசெய்த மதிப்பெண், அடுத்து ஆள வந்தவர்களைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. ஒரு தேர்தல் எதையெல்லாம் மாற்றிவிடும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆவணங்களை நம்பி மதிப்பிடுவதால் இன்னொரு சாய்வும் நேர்கிறது. அறிக்கை எழுதவும் இணையத்தில் ஏற்றவும் ஆட்கள் உள்ள பெரிய கவுன்சிலுக்குத் தன் வேலையைக் காட்டுவது எளிது. ஊழியர் குறைந்த சிறிய கவுன்சில் செய்ததைக்கூட எழுதாமல் விட்டிருக்கலாம். பதில் சொல்லும் வாய்ப்பு இதை ஓரளவு சரிசெய்கிறது, முழுமையாக அல்ல. இங்கிலாந்தின் பல பகுதிகளில் சாலையும் போக்குவரத்தும் கவுன்ட்டி கவுன்சிலிடமும், கட்டட அனுமதியும் குப்பை சேகரிப்பும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடமும் இருப்பதால், அங்கே வசிப்பவர்கள் இரண்டு கவுன்சில்களின் மதிப்பெண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதிகாரங்களுக்கு ஏற்பப் பிரிவுகளின் எடையை மாற்றி, ஒரே வகைக் கவுன்சில்களை மட்டும் ஒப்பிடுவது இச்சேவையின் நேர்மை. இரட்டை அடுக்கு முறையை ஒழித்து ஒற்றைக் கவுன்சில்களாக மாற்றப்போவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்துவிட்டதால், புதிதாக அமையும் கவுன்சில்களுக்குப் பழைய மதிப்பெண் என்று எதுவும் இருக்காது.

ஆகவே இதைத் தனியே பயன்படுத்துவதில் பொருளில்லை. ‘டெமாக்ரசி கிளப்’ நடத்தும் ‘ஹூ கேன் ஐ வோட் ஃபார்’ தளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டால் உங்கள் வார்டின் வேட்பாளர்கள் யார் என்று தெரியும். மீண்டும் போட்டியிடுபவர் என்றால், கவுன்சிலின் சொந்தத் தளத்தில் உள்ள கூட்டக் குறிப்புகளில் அவர் என்ன பேசினார் என்று தேடலாம். பதவியில் இருக்கும் உறுப்பினருக்கு ‘ரைட் டு தெம்’ தளம் வழியாக எழுதிக் கேட்கவும் செய்யலாம். இந்த மூன்றோடு மதிப்பெண் பட்டியலைச் சேர்த்தால், ஒரு மாலைப் பொழுதுக்குள் தெளிவான முடிவுக்கு வந்துவிட முடியும்.

தமிழ் வாக்காளர்களுக்கு இந்தப் பட்டியல் தமிழில் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். பெற்றோருக்கு அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பை வீட்டில் உள்ள இளையவர்கள் ஏற்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதைவிட அடிப்படையான செய்தி ஒன்று நம்மிடையே இன்னும் போதிய அளவு பரவவில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும், தங்குவதற்கான அனுமதியோடு அங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குப் பொதுநலவாய நாட்டினர் என்ற முறையில் கவுன்சில் தேர்தல்களில் வாக்குரிமை உண்டு. கல்விக்காக வந்தவர்களும் வேலைக்காக வந்தவர்களும் இதில் அடங்குவர். வயது வரம்பு 18. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் 16. வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பெயரைப் பதிவுசெய்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குச் செல்பவர்கள் புகைப்பட அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். வார்டுத் தேர்தல்கள் சில பத்து வாக்குகளில் முடிவாவதும் உண்டு. வாக்குகள் சமமானால் குலுக்கல் முறையில் வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதே சட்டம்.

காலநிலையைப் பற்றிக் கவலைப்பட்டும் கவுன்சில் தேர்தலைப் பொருட்படுத்தாமல் இருந்தவர்களுக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்லிவிடும் கருவியை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கும். அடுத்த பதிப்பில், முக்கியமான காலநிலைத் தீர்மானங்களில் ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்ற விவரத்தையும், வாக்கெடுப்பு பெயர்வாரியாகப் பதிவான இடங்களிலாவது, இணைத்தால் இதன் பயன் பன்மடங்காகும்.