முதல் குடித்தனத்துக்குக் குக்கர்: அலுமினியமா, எவர்சில்வரா?

புதுக் குடித்தனத்துக்குச் சாமான் பட்டியல் போட்டால் பாதிக்கு மேல் யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டு பர்னர் அடுப்பு, 750 வாட் மிக்ஸி, இரும்பு தோசைக்கல், நாலு கிண்ணம், கரண்டிகள், வாளி, மக், துடைப்பம். எந்தக் கடையில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குக்கர் மட்டும் அப்படியில்லை. தினமும் அடுப்பில் ஏறுவது, தினமும் தேய்க்க வேண்டியது, கேஸ்கட் வால்வு என்று அவ்வப்போது செலவு கேட்பதும் அதுதான். சென்னையின் தெற்குப் புறநகரில் வாடகை வீடு எடுத்தபோது நாங்கள் இருவரும் அதிக நேரம் பேசி முடிவெடுத்த ஒரே பாத்திரம் குக்கர்தான். எடுத்தது 5 லிட்டர் எவர்சில்வர், வெளிமூடி (மூடி விளிம்புக்கு வெளியே பூட்டிக்கொள்ளும் வகை). இன்றைக்கு வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன்.

முதலில் அளவு. இரண்டு பேருக்கு 3 லிட்டர் போதும் என்று கடைக்காரர் சொல்வார். பருப்பு மட்டும் நேரடியாக வேகவைப்பதென்றால் போதும்தான். ஆனால் நம் வீடுகளில் கீழே சாதம், மேலே பருப்பு என்று அடுக்கு வைத்துத்தானே சமைக்கிறோம்? அதற்கு 5 லிட்டர் வேண்டும். சின்ன இட்லித் தட்டும் அதற்குள் உட்காரும், வெயிட் போடாமல் ஆவியில் அவித்துக்கொள்ளலாம். 3 லிட்டரும் 5 லிட்டரும் சேர்த்து ஒரே மூடியோடு வரும் காம்போ செட் விலையில் இழுக்கும். மூடி ஒன்றுதான் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது. காலையில் அவசரத்தில் அது உதவாது.

உள்மூடிக் குக்கரை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. அக்கா வீட்டில் புழங்கிய அளவில்தான் தெரியும். உள்ளே இருக்கும் ஆவியே மூடியை விளிம்போடு அழுத்திப் பிடிக்கிறது, அழுத்தம் இறங்காமல் மூடி திறக்காது. இது பெரிய நிம்மதி. ஆனால் வாய் குறுகல். அகலமான சாதப் பாத்திரத்தை உள்ளே இறக்கி ஏற்றுவது சிரமம். அடுக்குச் சமையல்காரர்களுக்கு வெளிமூடிதான் கைகொடுக்கும்.

இனி அலுமினியம். அதன் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் உலோகம் அது, அதனால் சீக்கிரம் சூடேறும், அடியில் ஒரே இடத்தில் பிடிக்காது. கையில் எடுத்தால் லேசு. விலையில் எவர்சில்வர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும், சில மாடல்களில் அதற்கும் மேல். பழையதை எடைக்குப் போட்டாலும் கிலோவுக்கு அலுமினியம்தான் கூடுதலாகத் தரும். அடுப்புச் செலவையும் கைச்செலவையும் மட்டும் பார்த்தால் அலுமினியம்தான் ஜெயிக்கும்.

எங்களை மாற்றியது தண்ணீர். எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான், அதுவும் நல்ல உப்பு. வாளியின் உள்பக்கமே ஒரு மாதத்தில் வெள்ளை படிந்துவிடும். இந்த மாதிரித் தண்ணீர் அலுமினியக் குக்கருக்குள் கொதித்தால், தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் உள்சுவர் கறுத்துப்போகும். தண்ணீரிலுள்ள காரத்தன்மையும் தாதுக்களும் உலோகத்தின் மேற்பரப்போடு வினைபுரிவதால் வரும் கறுப்பு அது. பாட்டிமார் அடியில் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுவது இதற்காகத்தான். போட்டால் பலன் உண்டு. ஆனால் தினமும் மறக்காமல் போட வேண்டும், மறந்த நாளெல்லாம் கம்பி நாரும் கையுமாக நிற்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழும், கீறலுக்குள் மறுபடி கறுப்பு ஏறும். இருவரும் வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு மேல் வீடு திரும்பும் குடும்பத்தில் இந்த வேலையை யார் செய்வது?

இன்னொன்று புளிப்பு. சாம்பார், தக்காளி சாதம், புளி சேர்த்த எதையும் அலுமினியத்துக்குள் நேரடியாகச் சமைத்து அப்படியே இரவு முழுக்க விடக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும், ருசியும் மாறும். எவர்சில்வரில் அந்தக் கவலை இல்லை. ராத்திரி மீந்த சாம்பாரைக் குக்கரோடு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அதே குக்கரில் சூடு பண்ணி இட்லிக்கு ஊற்றிக்கொள்ளலாம். பாத்திரம் மாற்றும் வேலை ஒன்று குறைகிறது. சாமான் குறைவாக இருக்கும் முதல் வீட்டில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது புழங்கும்போதுதான் தெரியும்.

எவர்சில்வரிலும் வெள்ளைப் படிவு வரத்தான் செய்யும். எலுமிச்சை மூடியால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். அடி பிடித்தால் வெந்நீரும் சோடா உப்பும் போட்டு ஊறவைத்தால் கழன்று வரும். ஒரு எச்சரிக்கை: பச்சைத் தண்ணீரில் உப்பைக் கொட்டி அடுப்பில் ஏற்றாதீர்கள், அடியில் சின்னச் சின்னப் புள்ளிக் குழி விழும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டால் போதும்.

வெண்பொங்கலில் மட்டும் அலுமினியம் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். எவர்சில்வரில் தீயைப் பெரிதாக வைத்தால் பொங்கல் அடியில் பிடிக்கிறது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்தால் சரியாகிறது. அதனால்தான் வாங்கும்போது குக்கரைக் கவிழ்த்து அடியைப் பார்க்கச் சொல்கிறேன். நடுவில் அலுமினியத் தகடு வைத்த தடித்த அடி இருந்தால் மட்டும் எடுங்கள். தட்டினால் டப் என்று அமுங்கிய சத்தம் வரும். ஒற்றைத் தகடு என்றால் வேண்டாம், அதற்கு அலுமினியமே மேல். இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். வெறும் அலுமினியம் அதில் வேலை செய்யாது. நாங்கள் கேஸில்தான் சமைக்கிறோம், ஆகவே இன்டக்‌ஷனில் எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் புழங்குபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பாக வரும் ஹார்டு அனோடைஸ்டு வகை, அதாவது மேற்பரப்பைக் கெட்டியாக்கிய அலுமினியம், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; புளிப்பைத் தாங்கும், ஆனால் கம்பி நார் படக் கூடாது. பாத்திரம் தேய்க்க ஆள் வரும் வீட்டில் அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

எதை எடுத்தாலும் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டுக் குக்கருக்கு அது கட்டாயம். முத்திரையோடு ஐஎஸ் 2347 என்ற, குக்கருக்கான தர எண்ணும் இருக்கும். அப்புறம், உங்கள் தெருமுனைப் பாத்திரக்கடையில் அந்தக் கம்பெனி கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேஸ்கட் லிட்டருக்கும் மாடலுக்கும் மாறும், ஆகவே மாற்றும்போது பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சேஃப்டி வால்வு உருகிப்போனால் அதே கம்பெனியுடையதைத்தான் போட வேண்டும், கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றும் இடம் இல்லை அது.

எவர்சில்வருக்கு ஆகும் கூடுதல் பணத்துக்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. பட்டியலிலிருந்த நான்ஸ்டிக் செட்டை அடித்துவிட்டோம். இரும்பு தோசைக்கல்லும் ஒரு இரும்பு வாணலியும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன.