திருநெல்வேலி மெய்யியல் வகுப்பு: கடைக்காரரும் போகவேணும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு ரியூசன் கொட்டில்ல சனிக்கிழமை பின்னேரம் நடக்குது. காசு கட்டாயமில்லை, விரும்பினதைப் போடலாம். நான் கொக்குவிலில சின்னப் பலசரக்குக் கடை வைச்சிருக்கிறன். மெய்யியல் எனக்கும் தேவைப்படும் எண்டு இங்கதான் விளங்கிச்சு.

போன கிழமை எடுத்தது தேர்தல் வரி வாக்குறுதி. சேர் பலகையில 2019 டிசம்பர் எண்டு எழுதித் தொடங்கினார். இலங்கையில தேர்தல் முடிஞ்ச கையோட வற் வரி, அதாவது சாமான் விலையோட சேர்த்து எடுக்கிற வரி, 15 சதவீதத்திலயிருந்து 8 ஆச்சு. பதிவு எல்லை, அதாவது எவ்வளவு வியாபாரம் நடந்தால் வற்றுக்குப் பதியவேணும் எண்ட கணக்கு, வருசத்துக்கு 12 மில்லியன் ரூபாயிலயிருந்து 300 மில்லியனுக்குப் போச்சு. ஆயிரம் ரூபாய்ச் சாமானில 70 ரூபாய் குறையலாம், சரி. அரசாங்கத்துக்கு வராமல் போன காசை எது நிரப்பினது? கடனும், புதுசா அடிச்ச காசும். கொரோனாவும் சேர்ந்து அடிச்சதை அவர் மறைக்கேல்லை. 2022 ஏப்ரலில வெளிநாட்டுக் கடன் கட்டுறது நிண்டுது. 2024 ஜனவரியில வற் 18.

பிறகுதான் பழைய கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ வந்தார். சின்னப் பிள்ளையள் நீதிபதியா இருக்க, கசப்பு மருந்து குடுக்கிற வைத்தியர் மேல இனிப்புக் குடுக்கிற பலகாரக்காரன் வழக்குப் போட்டால் ஆர் வெல்லுறது? வரி குறைப்பன் எண்ட வாக்குறுதியும் அந்த இனிப்பு மாதிரித்தானாம். உடனே ஒரு உயர்தரப் பிள்ளை எழும்பினாள்: "கசக்கிறதெல்லாம் நல்ல மருந்தோ சேர்? பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே வற் எண்டால் ஆருக்குக் கூட நோகும்?" அரை மணித்தியாலம் அதிலயே போச்சு. அருமையான அரை மணித்தியாலம்!

பின்வாங்கில குரல் கேக்காது, வேளைக்குப் போங்கோ. அடுத்த கிழமை வருமான வரி. மகளையும் கூட்டிக்கொண்டு போறன்.