நிட்டிங் மிஷினுக்குக் கீழே ராஸ்பெர்ரி பை குளோபல் ஷட்டர் கேமரா: பிரேம் தவறாமல் வருமா?

திருப்பூர் ஜாப் ஒர்க் கம்பெனிகளில் சாதாரணமாகப் பார்க்கிற 30 இன்ச் விட்டமுள்ள வட்ட நிட்டிங் மிஷினையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 2394 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால், சிலிண்டருக்குக் கீழே இறங்கும் துணி, அசையாமல் நிற்கிற கேமராவுக்கு முன்னால் செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்தில் சுழன்று போகும். ஓட்டை, ஊசிக் கோடு, லைக்ரா கட் எல்லாவற்றையும் அங்கேயே பிடித்துவிட்டால் ஒரு ரோல் முழுக்கப் பாழாகாது. செக்கிங் டேபிளில் விரித்த பிறகு தெரிந்தால் நூலும் போச்சு, கூலியும் போச்சு.

இந்த வேலைக்கு ராஸ்பெர்ரி பை 5 என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டும் அதே கம்பெனியின் குளோபல் ஷட்டர் (படம் முழுவதையும் ஒரே நேரத்தில் எடுக்கும்) கேமராவும் ஆகுமா என்பதுதான் இங்கே பார்க்கப்போவது. படம் எவ்வளவு தெளிவு என்பது லென்ஸும் லைட்டும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் மிஷினில் மாட்டின பிறகு ஆளைப் படுத்துவது அதுவல்ல. "எல்லாம் ஓடுதுங்க, ஆனா அப்பப்ப ஒரு படம் காணாமப் போவுது" என்கிற புகார்தான். அதன் வேரைப் பிடிக்க, கேமராவை ஓட்டும் சாப்ட்வேரான வீடியோ டிரைவர், இன்டரப்ட்டை ("உடனே கவனி" என்று ஹார்ட்வேர் பிராசசருக்கு அனுப்பும் சிக்னல்) எப்படிக் கையாள்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் பொருள். கேமரா 2023 மார்ச்சில் 50 டாலர் விலையில் வந்தது. சென்சார் சோனியின் ஐஎம்எக்ஸ்296. 1456-க்கு 1088 பிக்சல், ஒரு பிக்சல் 3.45 மைக்ரான், செகண்டுக்கு 60 பிரேம். சி, சிஎஸ் இரண்டு வகை லென்ஸும் மாட்டலாம். நிறச் சென்சார் என்பது துணிக்கு ஒரு குறைதான். கறுப்பு வெள்ளையாக இருந்திருந்தால் தையல் கண் இன்னும் கூர்மையாகத் தெரியும். பை 5-ல் கேமரா சாக்கெட் 22 பின், கேமராவில் 15 பின். ஆகவே 22-க்கு 15 கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் போர்டை மட்டும் வரவழைப்பவர்கள் நிறைய.

அகலவாக்கில் 145.6 மில்லிமீட்டர் தெரிகிற மாதிரி லென்ஸ் வைத்தால் ஒரு பிக்சலுக்கு 0.1 மில்லிமீட்டர். 1 மீட்டர் வேகத்தில் துணி ஒரு பிக்சல் நகர 100 மைக்ரோ செகண்ட் ஆகும். எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி வாங்கும் நேரம்) அதற்குமேல் போனால் படம் மங்கும். இதே வேகத்துக்கு ட்ரிகர் (படம் எடுக்கச் சொல்லும் சிக்னல்) 1 மில்லி செகண்ட் தள்ளிப்போனால் படம் 10 பிக்சல் நகர்ந்துவிடும். லினக்ஸ் ப்ரோக்ராமிலிருந்து "இப்போ எடு" என்று சொல்லி எடுக்கிற ஏற்பாடு இதனால்தான் வேலைக்கு ஆகாது. பை 5-ல் வெளிச் சிக்னலை வாங்கும், கொடுக்கும் ஜிபிஐஓ பின்கள் நேராகப் பிராசசரில் இல்லை. ஆர்பி1 என்கிற தனிச் சிப்பில் இருக்கின்றன, அது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பிராசசரோடு பேசுகிறது. என்கோடர் (மிஷின் சுழல்வதை எண்ணும் கருவி) தரும் பல்ஸ் இன்டரப்ட்டாகி, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வழியாக ப்ரோக்ராமுக்கு வந்து, அங்கிருந்து ட்ரிகராகத் திரும்புவதற்குள் எத்தனை மைக்ரோ செகண்ட் ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நல்லவேளை, இந்தக் கேமராவில் எக்ஸ்டிஆர் என்று ஒரு வெளி ட்ரிகர் பேட் இருக்கிறது. இதை வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே அதுதான். கேமரா போர்டில் கியூ2 டிரான்சிஸ்டர் இருந்தால் ஆர்11 ரெசிஸ்டரை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. ட்ரிகர் 1.8 வோல்ட். 3.3 வோல்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது, 1.5 கிலோ ஓம், 1.8 கிலோ ஓம் இரண்டையும் வைத்துப் பிரித்தால் சரியாக 1.8 கிடைக்கும். சிக்னல் கீழே இறங்கி நிற்கும் நேரத்தோடு 14.26 மைக்ரோ செகண்ட் சேர்ந்ததுதான் எக்ஸ்போஷர். 100 வேண்டுமென்றால் 86 மைக்ரோ செகண்ட் பல்ஸ். அவ்வளவு குறைந்த நேரத்துக்கு அதே பல்ஸில் எரிகிற எல்இடி ஸ்ட்ரோப் இல்லாமல் படம் இருட்டாகத்தான் வரும்.

பல்ஸை உண்டாக்க பைக்கோ என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். சிலிண்டர் ஒரு சுற்று சுற்றினால் 4000 எண்ணிக்கை வருகிற மாதிரி, அதாவது 1000 கோட்டு என்கோடரை 4 மடங்காக எண்ணி, 200 எண்ணிக்கைக்கு ஒரு ட்ரிகர். சுற்றுக்கு 20 படம். படத்துக்குப் படம் 119.7 மில்லிமீட்டர் நகரும். பக்கத்துப் படத்தோடு 26 மில்லிமீட்டர் மேலேறும். செகண்டுக்கு 8.3 பிரேம், அதாவது 120 மில்லி செகண்டுக்கு ஒன்று. என்கோடர் 24 வோல்ட் என்றால் இடையில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி வோல்ட்டைப் பிரித்துவைக்கும் சிப்) கட்டாயம்.

கேட்கத் தோன்றும்: 60 பிரேம் எடுக்கிற கேமராவை 8 பிரேமில் ஓட்டினால் இன்டரப்ட் எப்படித் தவறும்? இங்கேதான் டிரைவர் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேமராவிலிருந்து ஒவ்வொரு பிரேமுக்கும் "தொடக்கம்", "முடிவு" என்று இரண்டு சேதி வரும். தொடக்க இன்டரப்ட்டில் டிரைவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிரேம் எண்ணை ஒன்று கூட்டி, அடுத்த படம் எந்த பஃபருக்கு (படத்தை வைக்கும் மெமரி இடம்) போக வேண்டும் என்று ரிஜிஸ்டரில் எழுதிவைக்கிறது. முடிவு இன்டரப்ட்டில் நிரம்பின பஃபரை ப்ரோக்ராம் கையில் கொடுக்கிறது. இரண்டுக்கும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் ஆளுக்கு ஒரு பிட். பிட் என்பது "வந்தது" என்று மட்டும் சொல்லும், எத்தனை தடவை வந்தது என்று சொல்லாது. ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் டிரைவரின் பகுதி) ஒரு முழுப் பிரேம் நேரம் தாமதித்தால் இரண்டு முடிவுகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும்; ஒரு படம் கணக்கிலிருந்தே மறையும்.

60 பிரேமில் ஓட்டும்போது இன்னும் நெருக்கடி. ஒரு வரிக்கு 14.8 மைக்ரோ செகண்ட், படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 30 வரி வெற்றிடம். ஒரு படத்தின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் அரை மில்லி செகண்டுக்கும் குறைவான இடைவெளி. ஹேண்ட்லர் அதற்குள் ஓடாவிட்டால் இரண்டு பிட்டும் சேர்ந்தே ஏறியிருக்கும். அப்போது முடிவை முதலில் முடித்துவிட்டுத் தொடக்கத்துக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் புது பிரேமின் எண் பழைய படத்தில் ஒட்டிக்கொள்ளும். துணியில் இருக்கிற ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, இடத்தை மட்டும் ஒரு படம் தள்ளிச் சொல்லும் மிஷின் இப்படித்தான் உருவாகிறது. சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது.

ஆர்பி1-ன் இன்டரப்ட் வருகிற வழியிலும் ஒரு நல்லதும் ஒரு நுணுக்கமும் உண்டு. இன்டரப்ட் தனிக் கம்பியில் வருவதில்லை. எம்எஸ்ஐ எக்ஸ் எனும் மெமரி எழுத்தாக, படத் தரவு போகிற அதே பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் பின்னால் வருகிறது. எழுத்துகள் வரிசை மாறாது என்பதால், இன்டரப்ட் வந்து சேர்ந்தபோது அதற்குமுன் அனுப்பிய படமும் மெமரியில் இறங்கியிருக்கும். பழைய கம்பி வகை இன்டரப்ட் கொண்ட கேப்சர் கார்டுகளில் இந்த உறுதி இல்லை. ஹேண்ட்லர் முதலில் கார்டின் ரிஜிஸ்டர் ஒன்றைப் படித்தாக வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் கடைசி வரிகள் பழையதாகவே இருக்கும். நுணுக்கம் என்னவென்றால், ஆர்பி1 உள்ளே சிக்னல் லெவல் வகை, அதாவது கவனிக்கும்வரை உயர்ந்தே நிற்கும். ஹேண்ட்லர் முடிந்ததும் ஆர்பி1-க்கு ஒப்புகை எழுதினால்தான், சிக்னல் இன்னும் உயர்ந்தே இருந்தால், அது மறுபடி சேதி அனுப்பும். ராஸ்பெர்ரி பை கம்பெனி தருகிற கெர்னல் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. கெர்னலை மாற்றுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

சரி, 120 மில்லி செகண்ட் இடைவெளி இருந்தும் படம் ஏன் காணாமல் போகிறது? பெரும்பாலும் இன்டரப்ட்டே காரணமில்லை. ப்ரோக்ராம் பஃபர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 4 பஃபர் என்றால் 480 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். நடுவில் ஒரு படத்தை மெமரி கார்டில் எழுத உட்கார்ந்தால் போச்சு. டிரைவருக்கு அடுத்த பஃபர் கிடைக்காது, படம் விழுந்துவிடும், ஆனால் பிரேம் எண் மட்டும் கூடும். ஆகவே படங்களை வந்த வரிசையில் எண்ணக் கூடாது. டிரைவர் தருகிற பிரேம் எண்ணைத்தான் நம்ப வேண்டும். ப்ரோக்ராமுக்குப் படங்களைக் கொடுக்கும் சாப்ட்வேரான லிப்கேமராவும் தொடக்கத்தில் சில படங்களைத் தானாகத் தள்ளிவிடும். பைக்கோவின் ட்ரிகர் எண்ணிக்கையை யூஆர்ட் (சீரியல்) வழியாக அனுப்பி, சுற்றுக்கு ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டால் 20-க்கு 20 வந்ததா என்று தெரிந்துவிடும்.

இன்டரப்ட் தாமதத்தை அளக்க ஆசிலாஸ்கோப் வேண்டியதில்லை. படத்தோடு வருகிற சென்சார் டைம்ஸ்டாம்ப், தொடக்க இன்டரப்ட் ஓடின நேரம். பைக்கோவை என்கோடரிலிருந்து கழற்றி, நிலையாக 120 மில்லி செகண்டுக்கு ஒரு பல்ஸ் கொடுத்து, அடுத்தடுத்த டைம்ஸ்டாம்ப் வித்தியாசத்தை எழுதி வையுங்கள். 120-லிருந்து எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் ஹேண்ட்லரின் ஆட்டம். நெட்ஒர்க்கில் பெரிய கோப்பு அனுப்பிக்கொண்டே ஒருமுறை, சும்மா ஒருமுறை பாருங்கள். யுஎஸ்பியும் ஈதர்நெட்டும் அதே ஆர்பி1-ல்தான் இருக்கின்றன. கூடவே ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பில் ஆர்பி1 சிஎஃப்இ (ஆர்பி1-ன் கேமராப் பகுதி) வரியைப் பார்த்தால் எந்தக் கோரில் எண்ணிக்கை ஏறுகிறது என்று தெரியும். 1000 பிரேமுக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொண்டால் பிரேமுக்கு இத்தனை என்கிற விகிதம் நிலையாக இருக்க வேண்டும். இன்டரப்ட்டை வேறு கோருக்குத் தள்ள முயன்றால் எண்ணிக்கை உண்மையிலேயே நகர்ந்ததா என்று அதே கோப்பில் சரிபாருங்கள். நகராவிட்டால் படத்தை ஆராய்கிற ஓபன்சிவி வேலையை அந்தக் கோரிலிருந்து விலக்குவது எளிது.

ஆட்டம் அதிகமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியவை: கெர்னல் மெசேஜ்கள் சீரியல் கன்சோலுக்குப் போகின்றனவா என்று பாருங்கள். 115200 வேகத்தில் 80 எழுத்து அச்சாக ஏறக்குறைய 7 மில்லி செகண்ட். ஹேண்ட்லருக்குள் சோதனைக்காக ஒரு பிரின்ட் போட்டுவிட்டு, பிறகு பிரேம் விழுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கமான கூத்து. அடுத்தது ரியல் டைம் கெர்னல், அதாவது வேலையை நேரம் தவறாமல் ஓட்டுவதற்கான கெர்னல். 6.12 பதிப்பிலிருந்து அது லினக்ஸிலேயே இருக்கிறது. ஆனால் அதில் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் த்ரெட்டுகளாக ஓடும், முன்னுரிமை 50. "நம்ம ப்ரோக்ராம்தான் முக்கியம்" என்று அதை 80-ல் வைத்தால், படத்தை ஆராய்கிற த்ரெட் படத்தைக் கொண்டுவருகிற த்ரெட்டின் கழுத்தை நெரிக்கும். 8 பிரேம் வேலைக்கு ரியல் டைம் கெர்னல் தேவையே இல்லை. நேரத்தைப் பைக்கோ பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு வகைக் கோளாறு இன்டரப்ட் கோளாறு மாதிரியே வேஷம் போடும்: பிரேம் தொடங்குகிறது, முடிவு வருவதில்லை. மிஷினின் மோட்டார் டிரைவுக்குப் பக்கத்தில் ரிப்பன் கேபிளை ஓட்டினால் இப்படி ஆகும். கேமரா ஒரே லேனில் (தரவுப் பாதை) செகண்டுக்கு 1188 மெகாபிட் அனுப்புகிறது. அந்தக் கேபிளுக்கு மின் இரைச்சல் ஆகாது. குட்டைக் கேபிள், இரும்புப் பெட்டி, எர்த். மோட்டார் நின்றிருக்கும்போது சரியாக வந்து, ஓடும்போது விழுந்தால் சாப்ட்வேரில் தேடாதீர்கள்.

ட்ரிகர் முறையில் ஒரு சில்லறைத் தொல்லையும் உண்டு. நூல் அறுந்து மிஷின் நின்றால் பல்ஸும் நிற்கும். பிரேம் வரவில்லையே என்று லிப்கேமரா டைம்அவுட் அடித்துவிடும். அதன் அமைப்புக் கோப்பில் கேமரா டைம்அவுட் மதிப்பைப் பெரிதாக்கி வைக்க வேண்டும். ட்ரிகர் மோடும் ரீபூட்டில் அழிந்துவிடும். பூட் வரியிலேயே எழுதிவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் "கேமரா பைத்தியம் பிடிச்சு ஓடுது" என்று ஃபிட்டர் கூப்பிடுவது இதனால்தான்.

பஞ்சைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பை 5-ன் கூலர் பேன் இரண்டு வாரத்தில் பஞ்சு மூட்டையாகிவிடும் இடம் நிட்டிங் கம்பெனி. 80 டிகிரியைத் தாண்டினால் போர்டு வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், பஃபர் திரும்பி வரத் தாமதமாகும், மறுபடி படம் காணாமல் போகும். பேன் இல்லாத அலுமினியப் பெட்டியில் போட்டு மூடிவிடுவது நல்லது. லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி வைத்து, மிஷினுக்கு ஏர் அடிக்கும்போது அதையும் துடைக்கச் சொல்லிவிட வேண்டும்.

யுஎஸ்பி வெப் கேமராவை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள்; ட்ரிகர் பின் கிடையாது, பெரும்பாலும் ரோலிங் ஷட்டர் (படத்தை வரி வரியாக எடுப்பது), கோடுகள் சாய்ந்து தெரியும். அவினாசியிலும் பல்லடத்திலும் நாலைந்து மிஷின் வைத்திருப்பவர்கள், சால்டரிங் தெரிந்த ஒரு ஆளும் பைத்தான் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால், தாராளமாக ஒரு மிஷினில் போட்டுப் பார்க்கலாம். ஆள் இல்லாமல் பெட்டியைத் திறந்து மாட்டி ஓட்ட நினைத்தால் இது அதற்கான பொருள் அல்ல. பை 5 போர்டில் 4 ஜிபி மெமரி போதும். மிச்சமாகிற காசை ஸ்ட்ரோப் லைட்டில் போடுங்கள்.