காருக்குள் அலங்கார விளக்கு: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

காலடியிலும் டேஷ்போர்டின் விளிம்பிலும் மெல்லிய நிற வெளிச்சம் தரும் எல்இடி பட்டைகளைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒன்றுதான்: நான்கு பட்டைகள், கைக்கடக்கமான ஒரு கண்ட்ரோலர், நூல்போல் மெலிந்த ஒயர்கள். பொருத்துபவருக்குப் பொருத்துபவர் மாறுவது, அவற்றுக்கு மின்சாரம் எடுக்கும் இடம். யூஎஸ்பி துளை, சிகரெட் லைட்டர் சாக்கெட், மேற்கூரை விளக்கின் ஒயர், ஃபியூஸ் பெட்டி, நேரடியாக பேட்டரி என ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. எது எளிது, எது மலிவு என்றுதான் பலரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்த ஒயர் எங்காவது நசுங்கி, காரின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டால் அடுத்த நிமிடம் என்ன நடக்கும்?

இந்தக் கேள்வி அனுபவத்தில் பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய சிறிய காரில் ஒரு கடையில் இந்தப் பட்டைகளை ஒட்டிக் கொடுத்தார்கள். லைட்டர் சாக்கெட்டின் பின்புறம் வரும் ஒயரின் உறையைச் சீவி, அதில் புது ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு மாலை, இடப்புற இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சாவியை அணைத்துவிட்டுக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். இருக்கையின் தண்டவாளத்தில் சிக்கிய ஒயரின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்கு இளகி, கம்பளத்தின் நாரோடு ஒட்டியிருந்தது. உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. ஆனால் சாக்கெட்டுக்குரிய 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் உருகவில்லை. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த உலோக இழை சிறு கீறலும் இல்லாமல் இருந்ததுதான் என்னைக் கலங்கவைத்தது.

ஃபியூஸ் ஏன் உருகவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இத்தகைய பட்டைகளோடு வரும் ஒயரில் செம்பின் குறுக்குப் பரப்பு 0.08 சதுர மில்லிமீட்டர் அளவுக்குக்கூடக் குறைவாக இருப்பதுண்டு. அந்தப் பருமனுள்ள ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மூன்று மீட்டர் ஓடிப்போய் முனையில் ஷார்ட் ஆனால், 12.6 வோல்ட் பேட்டரியிலிருந்து அதில் பாயக்கூடியது சுமார் 20 ஆம்பியர் மட்டுமே. கார்களில் உள்ள, தட்டையான இரு கால்கள் கொண்ட பிளேடு ஃபியூஸ்களுக்கான பொது அளவுகோலின்படி, தன் அளவைப் போல 135 விழுக்காடு மின்னோட்டம் பாயும்போது ஒரு ஃபியூஸ் உருகப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு அந்த 135 விழுக்காடு என்பது 20 ஆம்பியரைச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் அந்த மெல்லிய ஒயர் 250 வாட் அளவுக்கு வெப்பத்தைக் கக்கி, தன் உறையை இளக்கிவிடும். இரும்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அரைகுறை ஷார்ட் என்றால் ஃபியூஸ் உருகவே உருகாது. அதே இடத்தில் 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் கண் இமைப்பதற்குள் அறுந்திருக்கும். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, ஒயரை. ஆகவே அந்தச் சுற்றில் உள்ளதிலேயே மெலிந்த ஒயருக்கு ஏற்றதாக அது இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், யூஎஸ்பி துளையில் செருகும் பட்டை எல்லோரும் நினைப்பதைவிட நல்ல தேர்வு. அது 5 வோல்ட்டில் இயங்குகிறது. துளைக்குப் பின்னால் உள்ள மின்னணுச் சுற்றே மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பாட்டுப் பெட்டியோடு இணைந்த பழைய வகைத் துளைகள் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் அளவுக்கே தரும் என்பதால் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் காரின் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை, வாரண்டியைப் பற்றிய கவலையும் இல்லை. காலடிக்கு இரண்டு பட்டை போதும் என்பவருக்கு இதற்குமேல் தேவையில்லை.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பிளக்காகச் செருகுவதும், அதன் பின்புற ஒயரைச் சீவி இணைப்பதும் ஒன்றல்ல. நல்ல பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அது 2 அல்லது 3 ஆம்பியராக இருந்தால் இந்த வழி பாதுகாப்பானதே. முனை கழலாத, உள்ளே வெறும் ஸ்பிரிங் மட்டுமே உள்ள மலிவான பிளக்கை நான் ஏற்க மாட்டேன். சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் இந்தச் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும் என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பின்புற ஒயரைச் சீவும் வேலை எப்படி முடிந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

மேற்கூரை விளக்கிலிருந்து எடுப்பதில் ஒரு கவர்ச்சி உண்டு: கதவைத் திறந்தால் பட்டையும் சேர்ந்து எரியும், மூடினால் மெல்ல மங்கி அணையும். ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் அந்த விளக்கை இயக்குவது ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு. அது பல கார்களில் எர்த் பக்கத்தை, அதாவது காரின் இரும்பு உடல் வழியாக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் பக்கத்தை, துண்டித்து இணைக்கிறது; மங்கவைப்பதற்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருகிறது. அதில் வேறொரு சுமையை ஏற்றினால் பட்டை துடிப்பதும், அணைந்த பிறகும் லேசாக ஒளிர்வதும் நேரலாம். அலகே பழுதானால் செலவு விளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. இந்த இணைப்புக்குப் பயன்படுத்தும் நீல நிறக் கவ்வி ஒயரின் இழைகளில் சிலவற்றை அறுத்துவிடுவதும், நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே களிம்பு பிடிப்பதும் இன்னொரு தொல்லை. அதோடு இந்த ஒயர் முன்கண்ணாடியை ஒட்டிய தூண் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அது இருப்பதும் அங்கேதான். ஏர்பேக்கின் முன்னால் குறுக்கே ஓடும் ஒயர் அது விரியும் வழியை மறிக்கும். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பேட்டரியிலிருந்து நேரடியாக எடுப்பது பெரிய ஒலிபெருக்கிகளுக்கு உரிய முறை. பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. எனவே பாசிட்டிவ் முனையை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். எஞ்சின் அறைத் தடுப்பைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையமும், சாவியோடு அணைய ரிலே என்னும் மின்சுவிட்சும் வேண்டும். ரிலே இல்லாவிட்டால், விளக்கை அணைத்தாலும் கண்ட்ரோலர் விழித்தே இருக்கும். அது 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு மாதத்தில் 14 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) போய்விடும். சிறிய கார்களின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் அது ஐந்தில் இரண்டு பங்கு. அரை ஆம்பியர் விளக்குக்கு இத்தனை ஏற்பாடு வீண்.

மீதமிருப்பது ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஃபியூஸ் டேப் (fuse tap; ஒட்டும் டேப் அல்ல) மூலம் எடுப்பது, நான் இப்போது வைத்திருக்கும் வழி. ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செருகும் சிறு துணைக்கருவி இது. எடுத்த பழைய ஃபியூஸ் அதன் ஒரு அறையில் திரும்ப அமரும். மற்றோர் அறையில் விளக்குக்கென்று தனி ஃபியூஸ். என் நான்கு பட்டைகளும் சேர்ந்து மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) 0.45 ஆம்பியர் காட்டின. ஆகவே சாம்பல் நிற 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். எந்த ஒயரும் வெட்டுப்படவில்லை. காரை விற்கும்போது பிடுங்கிவிட்டால் சுவடு இருக்காது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உள்ளன. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது; சாவியோடு அணையும் சாக்கெட் போன்ற துணைக்கருவியின் இடமே ஏற்றது. ஃபியூஸ் அளவுகள் பல உண்டு என்பதால், பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் அதே அளவு ஃபியூஸ் டேப் வாங்க வேண்டும். ஃபியூஸ் டேப்பைச் செருகும் திசையும் முக்கியம். பழைய ஃபியூஸை எடுத்தபின் மின்சாரம் வரும் துளை எது என்று மல்டிமீட்டரில் பார்த்து, இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால் அந்தத் துளையில் இறங்கும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் அதன் மின்னோட்டமும் பழைய ஃபியூஸின் வழியாகவே போய் அதன் சுமையைக் கூட்டும். எர்த் ஒயரைப் பெயின்ட் இல்லாத, உடலோடு இணைந்த போல்ட்டில் முடுக்க வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களின் பக்கம் போகவே வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் பட்டையின் ஒட்டுப்பசையை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி, பட்டை பிரேக் பெடலின் பக்கம் தொங்கிவிடும். ஓட்டுநர் பக்கப் பட்டையை மட்டுமாவது பிளாஸ்டிக் டையால் கட்டுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் அதே வெயிலில் பசை வழிந்து பிரிந்துவிடும் என்பதால், இணைப்புகளில் சூட்டில் சுருங்கும் ஸ்லீவும் மேலே துணி டேப்பும் போடுங்கள். வேலை முடிந்ததும் இருக்கைகளை முன்னும் பின்னும் கடைசிவரை தள்ளி, தண்டவாளத்தின் அடியில் விரலை விட்டு ஒயர் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.